பன்னிரண்டாம் பெட்டியின் ஈரம்

எங்கள் கலைக்கூடத்தின் ஆண்டு மலர் அச்சாகி வந்து இரண்டு வாரமாகிறது. சென்ற ஆண்டின் கண்காட்சிக் குறிப்புகளைத் தொகுத்த பக்கத்தில், "துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவால் காட்சிப் பொருள் ஒன்று பழுதுற்றது, அவர் பணியினின்று விடுவிக்கப்பட்டார்" என்று ஒரு வரி உள்ளது. குழுவின் குறிப்பேட்டிலிருந்து எழுத்து மாறாமல் எடுத்த வரி அது. குறிப்பேட்டில் அதன் கீழே தலைவர் என்ற முறையில் என் கையொப்பம் இருக்கிறது. அந்த வரி பொய். பொய்யென்று அறிந்தே கையொப்பமிட்டேன். மலர் பல வீடுகளுக்குச் சென்றுவிட்ட பிறகு, திருத்தச் சீட்டு ஒன்று அச்சிட்டு ஒட்டிவிடலாம் என்றார்கள். ஒரு சீட்டில் அடங்கக்கூடிய செய்தியாக எனக்கு இது படவில்லை. அந்தக் கண்காட்சியின் பத்து நாள்களில் நடந்ததை நடந்தபடியே எழுதி வைப்பது என் கடன்.

தஞ்சை மேல வீதிக்குப் பின்புறம், வண்டி ஒன்று நுழைந்தால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய சந்து ஒன்றில் எங்கள் கலைக்கூடம் இருக்கிறது. முன்பு விதைநெல் கிடங்காக இருந்த நீண்ட கூடம். கிடங்கின் உரிமையாளர் குடும்பம் வெளிநாடு சென்றபின் ஊர்ப் பொதுவுக்கென விட்டுக் கொடுத்தது. வெள்ளையடித்து விளக்குப் பொருத்தினோம். இன்றும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து நெல்வாடை எழும். சுற்று வட்டாரத்தில் புதிதாய்க் கலைத்துறைக்கு வரும் இளைஞர்களுக்கு இடம் தருவது எங்கள் நோக்கம். குழுவில் இருப்பவர் அனைவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். நான் கல்லூரியில் தமிழ் பயிற்றியவன். செயலர் வேளாண் துறையில் அலுவலராக இருந்தவர். விளக்கச் சீட்டுகளை எழுதுவது என் வேலை. மற்ற எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வது செயலரின் வேலை. கூடத்தின் திறவுகோல் துப்புரவு செய்யும் அம்மையாரிடம் இருக்கும். காலை ஒன்பது மணிக்குத் திறந்து பெருக்கிவிட்டு வேறு வீட்டு வேலைகளுக்குப் போவார். மாலை ஆறு மணிக்கு வந்து பூட்டுவார். இடைப்பட்ட நேரத்தில் குழுவினர் முறை வைத்துக் கூடத்தில் அமர்ந்திருப்போம்.

சென்ற ஆண்டு ஆனியில் ஐந்து இளங்கலைஞர்களின் கூட்டுக் கண்காட்சி. வெள்ளிக்கிழமை தொடங்கி மறு ஞாயிறு முடிய, பத்து நாள். கடைசி நாளன்று சென்னையிலிருந்து ஒரு சிற்பி தேர்வாளராக வருவதாக இருந்தது. ஐவரில் ஒருவரைத் தெரிந்தெடுத்துத் தங்கள் பணிக்கூடத்தில் ஓராண்டு தங்கி வேலை செய்ய அழைத்துச் செல்வார்கள். முப்பது அகவைக்கு மேற்பட்டவர்க்கு அந்த வாய்ப்பு இல்லை. ஐவரில் ஒரு பெண்ணுக்கு அந்த ஆவணியில் முப்பது நிறைய இருந்தது. பேராவூரணிக்குத் தெற்கே, கால்வாய் முடியும் இடத்து ஊர் அவருடையது. அங்கே ஒரு பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறார். விண்ணப்பத்தை என்னிடம் தந்தபோது, "இது ஒண்ணுதாங்கய்யா மிச்சம். இதுவும் போச்சுன்னா ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மாம்பழம் வரையச் சொல்லிக் குடுத்துக்கிட்டே ரிட்டயர் ஆயிடுவேன்" என்று சிரித்தார். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

அவருடைய படைப்பு பன்னிரண்டு மரப்பெட்டிகள். ஒவ்வொன்றும் இரண்டு சாண் நீளம், ஒரு சாண் அகலம், அரைச் சாண் ஆழம். கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, ஒன்றைவிட அடுத்தது விரற்கடை தாழும்படி வரிசையாக வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரே நாளில் விதைத்த நாற்று. ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் ஒரு சிறு மடை வெட்டியிருந்தது. நாள்தோறும் காலையில் முதற்பெட்டியில் ஒரே ஒரு குடம் தண்ணீர் ஊற்றவேண்டும். அது நிரம்பி இரண்டாவதற்கு வழியும். இரண்டாவது நிரம்பி மூன்றாவதற்கு. ஆறு, ஏழு பெட்டிகளுக்கு மேல் அது போகாது. தொடக்க நாளன்று பன்னிரண்டும் ஒரே பச்சையாய் நிற்கும். பத்தாம் நாள் தேர்வாளர் வரும்போது தலைப்பெட்டி செழித்திருக்கும், நடுப்பெட்டி மஞ்சளித்திருக்கும், கடைசிப் பெட்டியில் மண் பாளம் பாளமாய் வெடித்து நாற்று கருகியிருக்கும். முதற்பெட்டியின் மண் திருவையாற்றுப் படுகையிலிருந்து எடுத்தது. பன்னிரண்டாவதின் மண் அவர் தந்தையின் வயல் மண். படைப்புக்கு "கடைமடை" என்று பெயரிட்டிருந்தார்.

என் முதற்பிழையை இங்கே சொல்லவேண்டும். தொடக்க நாள் காலையில் அவர் என்னிடம் வந்து, "ஐயா, 'தண்ணீர் ஊற்றாதீர்கள்'னு ஒரு போர்டு எழுதிக் குடுங்களேன்" என்றார்.

"கண்காட்சிக்கு வருபவர் யாராவது படைப்பின்மேல் தண்ணீர் ஊற்றுவாரா அம்மா?" என்றேன்.

"நம்ம ஊர்க்காரங்க ஊத்துவாங்கய்யா."

"அப்படி எழுதி வைப்பது பார்வையாளரை இழிவுபடுத்துவது போலாகும். படைப்பின் பொருளையும் நாமே போட்டு உடைத்தது போலாகும். 'தொடற்க' என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அது போதும்."

அவர் துப்புரவு அம்மையாரிடம் சென்று, பெட்டிகளின் அருகே குந்தியமர்ந்து நெடுநேரம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். காலைதோறும் ஒரு குடம் ஊற்றும் பொறுப்பை அந்த அம்மையாரிடமே ஒப்படைத்தார் என்று பிறகு அறிந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை வரை உடனிருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். பள்ளியில் விடுப்புக் கிடைக்கவில்லை. புதன்கிழமை ஒருநாள் மட்டும் வருவதாகச் சொன்னார்.

கூடத்தில் அமர்பவருக்கான நாற்காலி பன்னிரண்டாம் பெட்டியை ஒட்டிக் கிடந்தது. மேற்குச் சன்னல் அதற்கு நேரே. ஒன்பதும் பத்தும் பதினொன்றும் வாடத் தொடங்குமுன் அந்தப் பெட்டியே முதலில் வாடத் தொடங்கியது.

திங்கட்கிழமை பிற்பகல் என் முறை. இரண்டு மணி வெயிலில் ஒருவரும் வரவில்லை. நான் ஒரு நூலின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிரும்போதெல்லாம் அந்த நாற்று கண்ணில் பட்டது. காலையில் விரிந்திருந்த இலைகள் ஊசிபோலச் சுருண்டு நின்றன. எங்கள் குடும்பத்துக்குக் குத்தாலத்தருகே நிலம் இருந்தது. நான் வேலைக்குச் சென்றபின் விற்றுவிட்டோம். அந்த நிலத்தில் ஒருநாளும் நான் இறங்கி வேலை செய்ததில்லை. ஆனாலும் சுருண்ட நாற்றின் எதிரே அமர்ந்து எழுத்துப்பிழை பார்க்க என்னால் இயலவில்லை. என் கையில் தண்ணீர்ப் புட்டி இருந்தது. அதில் பாதி மீந்திருந்தது. அதைப் பெட்டியில் ஊற்றிவிட்டு மூடியைத் திருகிக்கொண்டிருக்கையில்தான் செய்தது இன்னதென்று உணர்ந்தேன். அரைப் புட்டித் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு திருத்தத்தைத் தொடர்ந்தேன்.

புதன்கிழமை காலை அப்பெண் முதற்பேருந்தில் வந்தார். கூடத்தில் செயலரும் நானும் இருந்தோம். பையை இறக்கி வைக்காமலேயே வரிசையின் கோடிக்கு நடந்தார். குனிந்து பன்னிரண்டாம் பெட்டியில் ஆள்காட்டி விரலை ஊன்றினார். விரல் முதற்கணு வரை மண்ணுக்குள் இறங்கியது. எடுத்துப் பார்த்தார். பதினொன்றாவதில் ஊன்றினார், அங்கே நகம்தான் கீறியது.

"யாரோ ஊத்திருக்காங்க" என்றார்.

நாற்று நன்றாகவே நிமிர்ந்திருந்தது. முந்திய மூன்று பெட்டிகள் மஞ்சளித்துக் கிடக்க, கடைசிப் பெட்டி மட்டும் பச்சையாய் நின்றது. அவர் சற்றுத் தள்ளி நின்று வரிசை முழுவதையும் பார்த்தார்.

"வருஷா வருஷம் கடைமடை வரைக்கும் தண்ணி போய்ச் சேந்துடுச்சுன்னு சொல்லுவாங்கய்யா. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இப்ப என் பெட்டியும் அதையேதான் சொல்லுது."

தேர்வாளர் வர நான்கு நாள் இருந்தது. அந்தக் களிமண் இந்த ஈரத்திலிருந்து காய்ந்து வெடிக்க ஆறு நாளாவது வேண்டும் என்று செயலர் கணக்கிட்டார். பிறகு, "யார் ஊத்துனது? சாவி யார்ட்ட இருக்கு? குடம் யார் கையில இருக்கு? இதுக்கு ஆராய்ச்சி வேறயா?" என்று துப்புரவு அம்மையாரை அழைத்துவரச் செய்தார்.

அம்மையார் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, ஒரு குடம்தானே ஊத்தச் சொன்னாங்க? இந்தக் கடைசிப் பெட்டிக்கு ஏன் ஊத்துனே?" என்று கேட்டார் செயலர்.

"நான் ஊத்தல சார்."

"பின்ன தண்ணி தானா வந்துச்சா?"

"மொதப் பெட்டிக்கு ஒரு கொடம். அதோட சரி. பாப்பா எப்படிச் சொல்லுச்சோ அப்படித்தான் செஞ்சேன்."

"அக்கா ஊத்திருக்க மாட்டாங்க சார்" என்றார் அப்பெண்.

"பின்ன யாரு? நான் ஊத்துனேனா? இல்ல, தலைவர் ஊத்துனாரா?"

அந்த நொடியில் நான் வாய் திறந்திருக்கவேண்டும். செயலர் என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. பேச்சுப் போக்கில் வந்த சொல் அது. ஆனால் அப்பெண் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அரைப் புட்டி இவ்வளவு ஈரத்தைத் தந்திருக்க முடியாது, வேறு யாரோதான் ஊற்றியிருக்கிறார்கள் என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டேன். அது உண்மையும்கூட. அந்த உண்மையின் பின்னால் நின்றுகொண்டேன்.

செயலர் திறவுகோலைக் கேட்டார். அம்மையார் இடுப்பில் செருகியிருந்ததை எடுத்தார். செயலர் நீட்டிய கையில் தராமல் மேசைமேல் வைத்தார்.

"நாப்பது வருஷம் நாத்துப் பறிச்சவ நான். எது வாடலாம், எது வாடக்கூடாதுன்னு எனக்கு நீங்க சொல்ல வேணாம்" என்று கூறிவிட்டுச் சந்தில் இறங்கிப் போனார். அன்று மாலையே குழு கூடியது. குறிப்பேட்டில் செயலர் அந்த வரியை எழுதினார். நான் கையொப்பமிட்டேன்.

அப்பெண் அன்றே ஊர் திரும்பவேண்டியிருந்தது. "யாராவது பக்கத்துலயே இருந்து பாத்துக்கணுமேய்யா" என்றார். திறவுகோலையும் காலைக் குடத்தையும் ஏற்றுக்கொண்டு, நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். குற்றம் செய்தவனே காவலுக்கு நின்றான் என்பதை அவர் அறியார். "உங்களத்தான்யா நம்பியிருக்கேன்" என்று கைகூப்பிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை நாள் முழுதும் பெட்டியருகே அமர்ந்திருந்தேன். அப்பெண் கேட்ட அறிவிப்பு எத்துணைத் தேவையானது என்பது அன்றுதான் விளங்கியது. மற்ற நால்வரின் படைப்புகளைப் பார்வையாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். பன்னிரண்டாம் பெட்டியருகே வந்ததும் அவர்கள் கை தானாக முன்னே வந்தது. ஒருவர் மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். இன்னொருவர் வண்டுத் தாக்குதலா என்று இலையைத் திருப்பிப் பார்த்தார். கணவனும் மனைவியுமாக வந்த உழவர் இருவர் நெடுநேரம் நின்றார்கள். கணவர் பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்தார்.

"ஊற்றாதீர்கள்" என்றேன்.

"குடிக்கத்தாங்க எடுத்தேன்" என்று சொல்லி ஒரு வாய் குடித்தார். மூடாமலேயே பெட்டியைப் பார்த்தார். "ஆனா ஏங்க, பயிரு வாடுறதப் பாத்துக்கிட்டுப் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்திருக்கீங்களே, இது என்னங்க வேலை?"

"இது கண்காட்சி."

"இதப் பாக்குறதுக்கா பஸ் ஏறி வந்தோம்? எங்க ஊர்லயே இருக்கே" என்றார் மனைவி. "அவரு மூடுறாப்ல தெரியல. புட்டிய நீங்களே வாங்கி வச்சுக்கங்க, போறப்ப வாங்கிக்கிறோம்."

வாங்கி என் நாற்காலியின் கீழே வைத்துக்கொண்டேன். அவர்கள் போகையில் புட்டியைத் திருப்பிக் கொடுக்க நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை அந்தப் பெண்மணி பார்த்துவிட்டு, "ரொம்ப நேரம் ஒக்காராதீங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

மண் மெல்லக் காயலாயிற்று. மேற்பரப்பின் கருமை வெளுத்தது. வெள்ளிக்கிழமை முற்பகலில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்றை ஓரத்தில் கண்டேன். எழுபத்தெட்டு அகவையில், ஒரு பயிர் சாவதற்கு நாளெண்ணிக்கொண்டிருந்தேன். நண்பகலுக்குமேல் முகம் கழுவப் பின்கட்டுக்குச் சென்றேன். கால் மணி நேரம்கூட இராது. அப்போது கூடத்தில் ஆறேழு பேர் இருந்தார்கள். செயலரும் வாயிலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் பெட்டியின் வலக்கோடி மூலை கறுத்துப் பளபளத்தது. கையளவு இடத்தில் தண்ணீர் இன்னும் மண்ணுள் இறங்காமல் நின்றது.

கூடத்திலிருந்தோர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். எல்லாரும் சுவரில் மாட்டியிருந்த ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை நான்காய் மடித்து அந்த மூலையில் வைத்து அழுத்தினேன். துண்டு ஈரத்தை உறிஞ்சியது. பிழிந்துவிட்டு மறுபடியும் அழுத்தினேன். மூன்று முறை அப்படிச் செய்தேன். மூன்றாம் முறை குனிந்தபோது ஒன்று தெளிவாயிற்று: துப்புரவு அம்மையார் இரண்டு நாளாக இந்தச் சந்துக்குள்ளேயே வரவில்லை. அவர் மேல் சுமத்திய பழி பொய் என்பதற்கு அந்த ஈர மூலையே சான்று. சான்றை நான் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். செயலரிடம் சொல்லவில்லை. தேர்வாளர் வந்து போகட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

சனிக்கிழமை அப்பெண் வந்தபோது பெட்டி அரைகுறையாய்க் காய்ந்திருந்தது. நாற்றின் நுனி மஞ்சளித்திருந்தது, அடி பச்சையாயிருந்தது. பதினொன்றாம் பெட்டியோ அடுப்புச் சாம்பல்போல் வெளுத்து வெடித்துக் கிடந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். செயலர் தம் வீட்டிலிருந்து ஒரு பெரிய மின்விசிறியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து பெட்டிக்கு நேரே நிறுத்தினார்.

"ஃபுல் ஸ்பீடுல வச்சா நாளைக்குள்ள காஞ்சிடும்மா."

"என்ன சார், வடகம் காய வைக்கிறோமா?" என்று அப்பெண் கேட்டார். செயலர் கைவிடவில்லை. மண்ணை மாற்றிவிடலாம் என்றார். காய்ந்த மண் எங்கிருந்தாவது கொண்டுவரலாம் என்றார். பன்னிரண்டாம் பெட்டியையே எடுத்துவிட்டுப் பதினொன்றோடு நிறுத்தலாம் என்றார். உதவவேண்டும் என்ற துடிப்பு அவருக்கு மெய்யாகவே இருந்தது. அந்தத் துடிப்பின் ஊற்றுக்கண் எதுவென்று மறுநாள்தான் தெரிந்துகொண்டேன்.

"அது எங்கப்பா வயல் மண்ணு சார். அத எடுத்துட்டா மிச்சம் பதினொண்ணும் எதுக்கு?" என்றார் அப்பெண். மின்விசிறியின் இணைப்பைத் தாமே பிடுங்கினார்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் தேர்வாளர் வந்தார். ஐம்பது அகவை மதிக்கத்தக்கவர், குறைவாகப் பேசுபவர், கையில் குறிப்பேடு. மற்ற நால்வரின் படைப்புகளைப் பார்த்து முடித்துவிட்டுப் பெட்டி வரிசைக்கு வந்தார். அப்பெண் முன்பே எழுதிக் கொடுத்திருந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதற்பெட்டியிலிருந்து நடந்தார். ஐந்தாவதில் நின்றார். எட்டாவதில் குந்தி அமர்ந்து மடையைப் பார்த்தார். பத்தாவதில் அவர் முகம் மாறிற்று. அந்தப் படைப்பு அவரைப் பிடித்துவிட்டது என்று கூடத்திலிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. பதினொன்றாவதைக் கடந்து பன்னிரண்டாவதற்கு வந்தார். அங்கே நின்றவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மீண்டும் தாளைப் பார்த்தார்.

"இது மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

அப்பெண் வாயெடுக்குமுன் செயலர் முன்னே வந்தார். "வேலை செய்யிற அம்மா தெரியாம தண்ணி ஊத்திட்டாங்க சார். அவங்கள நிறுத்திட்டோம்."

தேர்வாளர் அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். இன்றுவரை அந்தப் பேனாவின் மூடி திறந்த ஓசை என் காதில் இருக்கிறது. அந்தப் பொய் அவர் குறிப்பேட்டில் ஏறிவிட்டால் இரண்டாம் முறையும் எழுத்தாகிவிடும்.

"அந்த அம்மையார் ஊற்றவில்லை" என்றேன். "ஊற்றியவன் நான். திங்கட்கிழமை பிற்பகல். என் கையிலிருந்த புட்டித் தண்ணீரை ஊற்றினேன்."

அப்பெண் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். அவர் பார்த்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

செயலர் கழுத்தின் வியர்வையைத் துடைத்தார். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நானும் ஒரு சொம்பு ஊத்தினேன் சார்" என்றார், எவரையும் நோக்காமல். "முப்பத்தஞ்சு வருஷம் அதே உத்தியோகம். வாடுன நாத்தக் கண்டா கை சும்மா இருக்காது."

"வெள்ளிக்கிழமையும் யாரோ ஊற்றியிருக்கிறார்கள். அது யாரென்று எனக்குத் தெரியாது" என்றேன்.

தேர்வாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னும் எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டார். எவரும் சிரிக்கவில்லை. பிறகு அப்பெண்ணின் பக்கம் திரும்பினார். அவர் குரல் தணிந்திருந்தது.

"நீங்க எழுதிக் குடுத்தது ஒண்ணு. இங்க இருக்கிறது வேற ஒண்ணு. ஆனா இதுவும் மோசமில்ல. வந்தவங்க தாங்க முடியாம ஊத்துறாங்க, அதுவும் வேலையோட ஒரு பகுதின்னு நீங்க சொன்னீங்கன்னா, நான் அப்படியே எடுத்துக்கிறேன். சொல்றீங்களா?"

செயலர் அப்பெண்ணை நோக்கித் தலையசைத்தார். சொல், சொல் என்று கண்ணால் கெஞ்சினார். நானும் அவர் ஆமென்று சொல்லவேண்டும் என்றே விரும்பினேன். அவர் ஒரு சொல் சொன்னால் எங்கள் குற்றமும் கரைந்துபோகும். அப்பெண் பன்னிரண்டாம் பெட்டியின் விளிம்பில் கை வைத்தார்.

"இல்ல சார். எங்க ஊர்ல யாரும் வந்து ஊத்த மாட்டாங்க."

தேர்வாளர் "சரிம்மா" என்று குறிப்பேட்டை மூடினார். மாலையில் வேறொருவரின் பெயரை அறிவித்தார்.

அன்று பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது நான் கீழே நின்றேன். மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தேடினேன். "போர்டு எழுதிக் குடுத்திருக்கலாம்யா" என்று மட்டும் அவர் சொன்னார். வண்டி சந்திலிருந்து திரும்பிப் போயிற்று.

மறுநாள் துப்புரவு அம்மையாரின் வீட்டைத் தேடித் திருவையாற்றுச் சாலையில் சென்றேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் அமரவில்லை. நடந்ததைச் சொல்லித் திறவுகோலை நீட்டினேன்.

"எனக்கும் ஊத்தணும்னுதான் இருந்துச்சு" என்றார். "தெனம் காலையில கொடத்தத் தூக்கிக்கிட்டு நிக்கிறப்ப கடைசிப் பொட்டி என்னையே பாக்கும். ஆனா பாப்பா மொத நாளே எல்லாத்தையும் வெளக்கிச் சொல்லிடுச்சு. 'அக்கா, இது காஞ்சாத்தான் எங்க ஊர் கதை தெரியும்'னு. அதுக்கப்புறம் எப்படி ஊத்துறது? கண்ண அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு வந்துருவேன்."

"எங்களிடம் தாங்கள் இதைச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டீங்களா? ஏன் ஊத்துனேன்னுல்ல அந்த சார் கேட்டாரு."

திறவுகோலை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. முறத்தில் கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் பிறகு வாங்கி இடுப்பில் செருகினார். "இனிமே நான் பெருக்கி முடிச்சப்புறம் உள்ள வாங்க. கையில தண்ணி பாட்டில் இல்லாம வாங்க" என்றார். சொன்னபோது சிரித்தாரா இல்லையா என்று என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் முதல் முன்போலவே கூடத்தைத் திறந்தார். ஆனால் குறிப்பேட்டில் அந்த வரியை அடிக்க வேண்டும் என்பது செயலருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒரு வேலை முடிந்துவிட்டது என்ற நிறைவில் இருந்துவிட்டோம். ஆண்டு மலரைத் தொகுத்தவர் குறிப்பேட்டைப் பார்த்தார், எழுதியிருந்ததை எடுத்தார். மலரை அம்மையாரின் பேத்தி அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் அவர் திறவுகோலை மறுபடியும் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வரும் தை மாதம் அதே பன்னிரண்டு பெட்டிகளை எங்கள் கூடத்தில் வைக்க அப்பெண் இசைந்திருக்கிறார். இம்முறை எவரும் வந்து தெரிந்தெடுக்கப் போவதில்லை. அவருக்கு அகவை கடந்துவிட்டது. "அது காஞ்சு நிக்கிறத நான் ஒரு தடவையாவது பாக்கணும்" என்று எழுதியிருந்தார். இரண்டு நிபந்தனைகள் விதித்திருக்கிறார். அறிவிப்பை அவரே எழுதுவார். திறவுகோல் அந்த அம்மையாரிடம்தான் இருக்கவேண்டும். அவர் இல்லையேல் பெட்டிகள் வாரா. ஆகவே இக்கட்டுரை அச்சில் வந்ததும் ஒரு படியை எடுத்துக்கொண்டு மீண்டும் திருவையாற்றுச் சாலைக்குச் செல்லவேண்டும். அவர் ஏற்பாரோ மாட்டாரோ அறியேன்.

நினைவிலிருந்து எழுதியது இது. என் பங்கு திங்களா செவ்வாயா, செயலர் ஊற்றியது ஒரு சொம்பா இரண்டா என்பவற்றில் பிழை இருக்கலாம். மற்றவர் சொன்ன சொற்களை என் நடைக்கு இழுத்துவிடாமல் எழுத முயன்றிருக்கிறேன். எங்கேனும் தவறியிருப்பின் அன்று உடனிருந்தவர்கள் எடுத்துக்காட்டவேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் பெட்டியின் வலக்கோடி மூலையில் தண்ணீர் ஊற்றியவர் இதைப் படிக்க நேர்ந்தால், பெயரில்லாமலேனும் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டுகிறேன். அவரைக் குறைகூற எனக்கு உரிமை ஏதுமில்லை. அடுத்த மலரின் அதே பக்கத்தில் சரியான வரி வரவேண்டும் என்பதொன்றே என் வேண்டுகோள். அதுவரை அந்தத் துப்புரவு அம்மையார் சொல்லும் திருத்தம் எதுவாயினும், என் சொல்லுக்கு மேலாக அதையே கொள்க.